தண்ணீரைப் பற்றி எழுதாத தீர்ப்பு

பூதலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அமலோற்பவம் கணவனை இழந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. கணவனும் அவன் தம்பி பெரியநாயகசாமியும் ஆறு ஏக்கரைப் பிரிக்காமல் பயிர் செய்துவந்தார்கள். அடுத்த வருஷமே, 1972இல், அவள் பாகம் கேட்கவேண்டி வந்தது. உச்சவரம்பு, குத்தகை என்று தஞ்சாவூர்க் கோர்ட்டுகளில் நில வழக்குகள் குவிந்து கிடந்த காலம். அங்கே போனால் முடிவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்று இருவரும் பேசி, நெல் மில் வைத்திருந்த காதர் மைதீனை மத்தியஸ்தராக ஏற்றார்கள். நிலத்தையும் பாசனத்தையும் அவர் பிரித்துத் தருவது, இருவரும் அதற்குக் கட்டுப்படுவது என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

காதர் மைதீன் மூன்று நாள் இருவரையும் கூட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார். பிறகு தீர்ப்பு எழுதினார். வாய்க்கால் தலைப்பில் இருந்த மூன்று ஏக்கர் கொழுந்தனுக்கு; கடைமடை மூன்று ஏக்கரும் களமும் மாட்டுக்கொட்டகையும் அவளுக்கு. அந்தக் குறுவையிலேயே பெரியநாயகசாமி தன் வயல் வழியாகத் தண்ணீர் விட மறுத்தார். அவள் நாற்று காய்ந்துபோனது.

தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு சப் கோர்ட்டில் மனுப் போட்டாள். பங்கு சரியில்லை என்பதற்காக மட்டும் மத்தியஸ்தர் தீர்ப்பைக் கோர்ட்டு தள்ளாது, அவர் நடத்தையில் கோளாறு இருக்கவேண்டும் என்றார் வக்கீல் பஞ்சநதம். நிலம் பார்க்கக் கொழுந்தனை மட்டும் கூட்டிப்போனார் என்று சொன்னால் ஒரு வழி உண்டு என்றும் சொன்னார். அவள் ஊர் திரும்பினாள். இரண்டு வாரம் அதே நினைப்பு. காய்ந்த நாற்று கண்ணில் நின்றது; வெயிலில் தன்னோடு நடந்த மனிதரும் நின்றார்.

அவள் சாட்சிக் கூண்டில் ஏறியதும் வக்கீல் அதையே கேட்டார். பின்வரிசையில் காதர் மைதீன் உட்கார்ந்திருந்தார்.

"என்னையும் கூட்டிட்டுத்தாங்க போனாரு," என்றாள் அமலோற்பவம். "அவரு மேல நான் குத்தம் சொல்லலீங்க. நெலத்தப் பிரிச்சாரு. தண்ணி எந்த வழியா வரும்னு எழுதவே இல்ல. அதத்தான் கேக்கறேன்."

வக்கீல் முகம் இறுகிவிட்டது. நீதிபதி ஒப்பந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி நிதானமாகப் படித்தார்.

பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. தானே பிரித்திருந்தால் வேறு மாதிரி பிரித்திருக்கலாம், ஆனால் இரு தரப்பும் விரும்பித் தேர்ந்தெடுத்தவர் நேர்மையாகக் கேட்டுச் சொன்னதை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்று நீதிபதி சொல்லியிருந்தார். நிலப் பங்கு அப்படியே நிற்கும். ஒப்பந்தம் பாசனத்தையும் பிரிக்கச் சொல்லியிருந்தும் காதர் மைதீன் பிரிக்காததால், அதை மட்டும் மத்தியஸ்தருக்கே திருப்பி அனுப்பினார்.

கோர்ட்டு வராந்தாவில் காதர் மைதீன் அவளிடம் வந்தார். "என் பிசகும்மா. அண்ணன் குடும்பத்துக்குத் தண்ணிய மறிப்பாருன்னு நான் நெனைக்கல."

"இப்பவாச்சும் எழுதிக் குடுங்க பாய்," என்றாள்.

பெரியநாயகசாமியின் கிழக்கு வரப்பை ஒட்டி அவள் வயல்வரை இரண்டடி அகலத்துக்குக் கன்னிவாய்க்கால், வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் அவளுக்கு என்று காதர் மைதீன் எழுதினார். கோர்ட்டு அதை உறுதிசெய்தது. கொழுந்தன் வாய்க்காலை விட்டுக்கொடுத்தார். அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோயிலில் பூசைக்கு வந்தாலும் முகம் பார்க்கமாட்டார். கடைமடை கடைமடைதான், விளைச்சல் எப்போதும் ஒரு மாற்றுக் குறைவு. பங்கு தப்பு என்றே அவள் கடைசிவரை சொல்லிவந்தாள். காதர் மைதீனைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் மட்டும் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவாள்.