மேட்டுத்தெருவில் கேட்ட கேள்வி

அடுத்த வருடப் பணத்தில் என்னென்ன வேலை செய்யலாம் என்று மக்களிடமே கேட்டுவிட்டுத் திட்டம் போடுவதாக எங்கள் பேரூராட்சியில் முடிவானபோது, எங்கள் வார்டுக்கு என்னைப் போட்டார்கள். மகளிர் குழுவின் தீர்மான நோட்டை எழுதுகிறவள் நான். என் கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்திருக்காது.

கொடுத்த படிவத்தில் ஆறு விஷயங்கள் அச்சாகியிருந்தன. குடிநீர், சாலை, சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, பூங்கா. எது முதலில் வேண்டுமோ அதற்கு ஒன்று, அடுத்து இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். செயல் அலுவலர் மதுரைப் பக்கத்துக்காரர், மரியாதையான மனிதர். "நீங்களா எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாதும்மா. அவங்க வாயில என்ன வருதோ அதை மட்டும் எழுதுங்க" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதுவரை எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

முதலில் என் வீட்டுப் படிவத்தை நிரப்பினேன். எங்கள் பெரிய தெருவைச் சாக்கடை வேலைக்காகத் தோண்டி, அப்படியே போட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் மகளுடைய பள்ளிக்கூட ஆட்டோ உள்ளே வராது. மழை நாளில் அவளுடைய பையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் முக்கு வரை நடப்பேன். அதனால் ஒன்று, சாலை. இரண்டு, சாக்கடை. மூன்று, தெருவிளக்கு. தண்ணீர் என் நினைவிலேயே வரவில்லை. எங்கள் வீட்டில் மோட்டார் இருக்கிறது.

தெரு முழுக்க அதே பதில்தான். பலசரக்குக் கடை அண்ணாச்சி எடை போட்டுக்கொண்டே சொன்னார். "ரோட்டப் போடச் சொல்லு தாயி. மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

நான்காம் நாள் மேட்டுத்தெருவுக்குப் போனேன். பெரிய தெரு முடிகிற இடத்தில் பாறைமேல் ஏறுகிற சந்து அது. மொத்தம் ஒன்பது வீடுகள். மேலே நின்று பார்த்தால் வயலுக்கு அப்பால் தாமிரபரணி தெரியும். முதல் வீட்டில் பீடி சுற்றுகிற ஒரு அக்கா தனியாக இருந்தாள். கணவர் இறந்துவிட்டார், மகளை ராதாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். மடியில் சொளவு, அந்த முறத்தில் பீடி இலையும் புகையிலைத் தூளும். என்னைப் பார்த்ததும் கால் நீட்டியிருந்ததை மடக்கிக்கொண்டாள்.

"அக்கா, நம்ம ஊருக்கு எது மொதல்ல வேணும்னு பஞ்சாயத்துல கேக்காவ. இந்த ஆறுல நீங்க சொல்லுங்க."

"எங்கிட்டயா கேக்காவ?"

"எல்லார்கிட்டயும் கேக்கோம்."

அவள் சொளவைக் கீழே இறக்கி வைத்தாள். "தண்ணி" என்றாள்.

"ரெண்டாவது?"

"தண்ணிதான்."

"ஒண்ணையே ரெண்டு தடவை எழுத முடியாதுக்கா."

"ஏன் முடியாது? கேக்குதது நீ, சொல்லுதது நானு. கொடத்தோட ஏறுதவளுக்கு லைட்டு எரிஞ்சா என்ன, எரியாட்டா என்ன?"

பிறகு என்னை வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். குழாய் இருந்தது. அதன் வாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. ஈர்க்குச்சியால் அதைப் பைய நோண்டி எடுத்தாள். "மாசத்துக்கு ஒருக்கா இப்படி எடுத்து விட்டுருதேன். திடீர்னு வந்துட்டா அடைச்சுக்கிடக் கூடாதுல்லா."

அந்தக் குழாய்க்குத் தண்ணீர் ஏறி வருடக்கணக்காகிறது என்றாள். மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் திறந்துவிடும்போது, கீழே நாங்கள் எல்லோரும் மோட்டாரைப் போட்டு இழுத்துவிடுகிறோம். மேட்டுக்கு மிச்சம் வருவதில்லை. அவர்கள் சந்துக்குக் கீழே உள்ள அடிகுழாயில் பிடித்துச் சுமக்கிறார்கள். இந்த ஊரிலேயே பதினாலு வருடம் குடியிருந்தும் எனக்கு அது தெரியாது.

படிவத்தில் ஒன்று என்று குடிநீருக்குப் போட்டேன். இரண்டையும் மூன்றையும் அவள் சொல்லவே இல்லை. காலியாக இருந்தால் செல்லாது என்பதால், சந்து இறங்கும்போது நானே சாக்கடை, தெருவிளக்கு என்று நிரப்பினேன். மற்ற எட்டு வீட்டிலும் இதேதான் நடந்தது.

அலுவலகத்தில் உட்கார்ந்து படிவங்களைத் தரம் பிரித்தபோது, சாலைக் கட்டு ஒரு கையில் அடங்கவில்லை. தண்ணீர்க் கட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். செயல் அலுவலரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா நிறைய பேர் எதைக் கேக்கறாங்களோ அதைத்தான் நான் மேல அனுப்பணும். ஒன்பது வீட்டுக்காக மாத்தி எழுதினா, அப்புறம் எதுக்கு ஊரைக் கேட்டோம்?"

பெரிய தெருப் படிவங்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே பெரிய தெருவில் மறுபடி ஏறி இறங்கினேன். இரண்டாவதாகவாவது தண்ணீர் என்று மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். நான்கைந்து பேர் மாற்றினார்கள். அண்ணாச்சி மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நீ என்ன எழுதியிருக்க?"

பொய் சொல்ல வரவில்லை. "ரோடு" என்றேன்.

"ரெண்டாவது?"

"சாக்கடை."

"அப்போ எங்கிட்ட மட்டும் எதுக்குத் தாயி மாத்தச் சொல்லுத?" கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

மறுநாள் செயல் அலுவலர் கூப்பிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இனிமே வீட்டுக்குப் போகாதீங்கம்மா. மொத்தமும் செல்லாமப் போயிடும்" என்றார். மாற்றிக் கொடுத்த படிவங்களையும் பழையபடி ஆக்கச் சொன்னார். ஆக்கினேன்.

வார்டு மக்களைக் கூட்டும் பகுதி சபாக் கூட்டம் நூலக வராந்தாவில் நடந்தது. மேட்டுத்தெருவிலிருந்து ஆறு பெண்கள் பாதி நாள் பீடி வேலையை விட்டுவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சிலர் முடிவை வாசித்தார். பெரிய தெருச் சாலைக்கு முதலிடம். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அந்த அக்கா எழுந்தாள்.

"நாங்க ஒம்பது வீடு. எண்ணினா தோத்துத்தான் போவோம், அது எங்களுக்கும் தெரியும். ரோடு போடுங்க, வேண்டாங்கல. தண்ணி வருத அன்னைக்கு ஒரு மணி நேரம் மட்டும் யாரும் மோட்டாரப் போடாம இருந்தியன்னா எங்களுக்கு ஏறிரும். அதுக்குப் பஞ்சாயத்துப் பணம் ஒண்ணும் வேண்டாம்."

கூட்டத்தில் பல பேர் தலையை ஆட்டினார்கள். நியாயம்தான் என்று என் பக்கத்தில் இருந்தவர்கூட முணுமுணுத்தார். கவுன்சிலர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொல்லுதது சரிதான் மதினி. அது அவங்கவங்க மனசு. மோட்டாரப் பிடுங்கணும்னா எல்லா வீட்டுலயும் பிடுங்கணும், எங்க வீட்டையும் சேத்து. அடுத்த வருசம் ஒங்களுக்குன்னு தனி லைனே போட்டுருவோம்."

"சரி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து தண்ணீர் வந்த நாளில் நான் மோட்டாரைப் போடவில்லை. வாசல் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். இடது பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. வலது பக்கத்திலும் கேட்டது. எங்கள் குழாயில் நூல் மாதிரி கொஞ்ச நேரம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து என் கணவர் போய் சுவிட்சைப் போட்டார். நான் தடுக்கவில்லை. சாயங்காலம் மேட்டுத்தெருவுக்குப் போய் ஏறிச்சா என்று கேட்டேன். "இல்ல. நீ மட்டும் நிப்பாட்டினியாக்கும்?" என்று கேட்டு அந்த அக்கா சிரித்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சாலை போட்டார்கள். நன்றாகவே போட்டார்கள். ஆட்டோ வாசல்வரை வந்து நின்ற முதல் நாள் என் மகள் குதித்துக்கொண்டு ஏறினாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க முடியாது.

ஐப்பசி மழையில் சந்துப் பாறையில் பாசி பிடித்திருந்தது. அந்த அக்கா குடத்தோடு வழுக்கி விழுந்தாள். வலது கை மணிக்கட்டு ஒடிந்தது. பாளையங்கோட்டையில் மாவுக்கட்டு போட்டுத் திரும்பியபிறகு போய்ப் பார்த்தேன். சொளவு சுவரில் சாய்த்து வைத்திருந்தது. "இனிமே பீடி சுத்த ஆகுமான்னு டாக்டரே சொல்ல மாட்டங்காரு" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு குடம் நான் கொண்டுபோய் வைத்தேன். புதுச் சாலையில் சந்துவரை வண்டியில் வைத்துத் தள்ளுவேன், பிறகு ஏற வேண்டும். முதல் குடத்திலேயே எனக்கு மூச்சு வாங்கும்.

அடுத்த வருடம் கவுன்சிலர் சொன்னபடி தனி லைனுக்கு அனுமதி வாங்கினார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தொட்டியிலிருந்து மேட்டுக்குக் குழாய் போக வேண்டுமானால் பெரிய தெருவைக் குறுக்கே வெட்ட வேண்டும். புதிதாகப் போட்ட சாலை. பழுதானால் ஒப்பந்தக்காரரே சரிசெய்து தர வேண்டிய பொறுப்புக் காலம் முடிகிறவரை வெட்டக் கூடாது என்று கோப்பு திரும்பி வந்தது. கவுன்சிலர் இரண்டு தடவை திருநெல்வேலிக்குப் போய் வந்தார். பழைய செயல் அலுவலர் மாற்றலாகியிருந்தார். புதியவர், விசாரிக்கப் போன என்னிடமே கோப்பைக் காட்டினார். "சாலைக்கு முன்னாடியே குழாயைப் பதிச்சிருக்கணும். யாரும் யோசிக்கலையா?" என்று கேட்டார். நான் கருத்துக் கேட்கப் போனவள் என்று அவருக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை.

நான் செய்தி சொல்லப் போனபோது அக்கா துணிமணிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் வந்து ராதாபுரத்துக்குக் கூட்டிப் போகிறாளாம். வலது கை அப்புறம் சரியாகவே இல்லை; இடது கையால் முடிச்சுப் போட வராததால் நான் போட்டுக் கொடுத்தேன். குழாய் விஷயத்தைச் சொன்னேன். மூட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "நீயும் என்னத்தச் செய்வ" என்றாள்.

போன மாதம் போனில் கூப்பிட்டாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இங்கன பனையும் முள்ளுந்தான். தண்ணிக்கு லாரிதான். ஆனா வாசல்ல வந்து நிக்கி, பேத்தி பிடிச்சு வச்சுருதா. மக வீட்டுல எத்தன நாளைக்கு இருக்க முடியும், சொல்லு." உடனே வேறொன்று கேட்டாள். "நம்ம தெருவுக்குத் தண்ணி வந்துட்டா?"

"இல்லக்கா."

"வந்தா ஒரு போன் போடு. வந்துருதேன்."

போடுகிறேன் என்றேன். பிறகு என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேத்தி கூப்பிடுகிற சத்தம் கேட்டது, அவள் வைத்துவிட்டாள்.