குரல் போன சலோமி

கம்பளை வட்டாரத்துத் தமிழ்ச் சபைகளில் கல்யாணமோ சாவோ எது வந்தாலும், போதகருக்குச் சொல்லிவிட்ட கையோடு சலோமிக்கும் சொல்லிவிடுவார்கள். அவள் வந்து பாடாத சாவு வீட்டில் அழுகைகூடச் சரியாக வராது என்று ஒரு பேச்சு இருந்தது. பிலிமத்தலாவையிலிருந்துகூட வான் வண்டி அனுப்பிக் கூட்டிப்போவார்கள்.

அவள் பிறந்தது புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஞாயிறு பாடசாலையில் பாட ஆரம்பித்தவள், கல்யாணமாகிக் கம்பளைக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. புருஷன் லெட்சுமணன் நுவரெலியாவிலிருந்து மரக்கறி இறக்கும் லொறி ஓட்டினான். அவன் கோயிலுக்குப் போகிறவன். அவள் சபைக்குப் போவதைத் தடுத்ததுமில்லை, கூடப் போனதுமில்லை. மகள் சர்மிளாவுக்குக் கண்டியில் ஒரு போன் கடையில் வேலை. சலோமி முன்னறையில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட், சல்வார் தைத்துக் கொடுத்தாள். காலையில் மெஷினில் உட்காருமுன் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மூன்று பாட்டுப் பாடுவாள். அவளுடைய ஜெபமே அதுதான். கடவுள் தன்னை எதற்காகப் படைத்தார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. பதிலைத் தொண்டையிலேயே வைத்து அனுப்பிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தாள்.

நாற்பது தாண்டியதும் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கண்டியில் காட்டியபோது வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டிக்கிடக்கிறது, காப்பாற்றப் பார்ப்போம், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். சலோமி கையெழுத்துப் போட்டாள். தன் குரலைக் கடவுள் விட்டுவிட மாட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கட்டியோடு குரலும் போய்விட்டது. மிஞ்சியது காற்றுக் கலந்த ஒரு கிசுகிசுப்புத்தான். பஸ்ஸில் இறங்குமிடத்தைச் சொன்னால் கொண்டக்டருக்குக் கேட்காது. கம்பியில் தட்ட வேண்டும். வீட்டில் லெட்சுமணனைக் கூப்பிடக் கையைத் தட்டினாள். சத்தத்துக்கான பயிற்சி என்று கொஞ்ச நாள் கிளினிக்குக்குப் போய்வந்தாள். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

சபையில் எல்லாரும் அவளுக்காக ஜெபித்தார்கள். கீபோர்ட் வாசிக்கும் தினேஸ், அவள் இடத்தில் பாட ஆளைப் போடாமல் சில மாதம் காத்திருந்தான். பிறகு வேறு வழியில்லாமல் ஒரு பெண்ணைப் பழக்கினான். சலோமி கடைசி வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். அவள் கழுத்தில் கைவைத்து உரக்க ஜெபித்துவிட்டு, பாடச் சொன்னார். கிசுகிசுப்புத்தான் வந்தது. விசுவாசம் குறைவாக இருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. போதகர் வீடு தேடி வந்தபோது தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

காலையில் கதவைச் சாத்துவதை மட்டும் விட முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. இத்தனை வருஷம் பாட்டைத் தவிர வேறு எதையும் அவள் கடவுளிடம் பேசியதே இல்லை. பாட்டுகளும் யாரோ எழுதியவை. இப்போது பாட்டு இல்லை, சொந்த வார்த்தையும் வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். ஊரில் எத்தனையோ பேர் வாயால் பிறரைக் கெடுக்கிறார்கள், அவர்களுடைய குரலை எடுத்திருக்கலாமே என்று மனதுக்குள் சண்டை பிடித்தாள். அப்படி வெகுநாள் போனது. கேட்டதையே கேட்டு அவளுக்கே அலுத்துப்போனது. பிறகு சும்மா உட்கார்ந்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, தான் தனியாக இல்லை என்று தோன்றியது. வெளிச்சமோ குரலோ எதுவும் இல்லை. தான் திட்டியதையெல்லாம் ஒருவர் பக்கத்திலிருந்து முழுதாகக் கேட்டு முடித்திருக்கிறார், எழுந்து போகவும் இல்லை என்ற நிச்சயம் மட்டும் வந்தது. அன்று அவள் அழுதாள். அதைப் பற்றி லெட்சுமணனிடமோ மகளிடமோ அவள் சொல்லவில்லை. மறுநாளும் அதே கதிரையில் உட்கார்ந்தாள். கேட்பதற்கு ஒன்றுமில்லாமலே உட்காரப் பழகிவிட்டாள்.

அடுத்த தெருவில் புடைவைக் கடை வைத்திருந்த லாபிரின் மனைவி ஸக்கியா அவளிடம் தைக்கக் கொடுப்பவள். அவளுடைய மகன் அஹ்னாப் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் துணி கொடுக்க வந்தவள், அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். சலோமி மெஷினை நிறுத்தினாள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒரு வாக்கியம் பேச அவள் படும் பாட்டுக்குள் ஸக்கியா அடுத்ததற்குப் போய்விடுவாள். அதனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். மகன் சின்ன வயதில் பாண் தோலைப் பிய்த்துத் தின்றது, கடைசியாகச் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கியது, அன்று தான் ஸலாம் சொல்லாமல் திரும்பிக்கொண்டது எல்லாம் வந்தது. ஸக்கியா பின்னேரம் வரை இருந்தாள்.

எழும்பும்போது ஸக்கியா சொன்னாள்: "வாற எல்லாரும் ஏதாச்சும் செல்லிட்டுத்தான் போற. சபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க, அல்லாஹ்ட நாட்டம் எண்டு. அது எனக்கும் தெரியும். நீங்க மட்டும்தான் ஒண்டும் செல்லாமக் கேட்டீங்க."

அடுத்த கிழமையும் வந்தாள், தைக்க எதுவும் இல்லாமல்.

சலோமி அதை யோசித்துக்கொண்டே இருந்தாள். கதிரையில் தனக்கு நடந்தது எதுவோ, அதைத்தான் ஸக்கியாவுக்குச் செய்திருக்கிறோம் என்று புரிந்தது. அதற்குக் குரல் தேவைப்படவில்லை. குரல் இருந்திருந்தால் ஒரு பாட்டைப் பாடி, கண்ணைத் துடைத்துவிட்டு, அவளைச் சீக்கிரம் அனுப்பியிருப்பாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்த ஞாயிறு சபைக்குப் போனாள். ஆராதனை முடிந்ததும் போதகரின் பக்கத்தில் போய், காதருகே சொன்னாள்: "பாடுறதுக்குத்தான் என்னயப் படைச்சாருன்னு நெனச்சிருந்தேங்க. மொதல்ல நான் அவருகூட இருக்கணும்போல. மத்ததெல்லாம் அதுக்குப் பொறவுதான்." போதகர் நிறையப் பேசுகிறவர். அன்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, ஆஸ்பத்திரி வார்ட்டில் பார்க்க வர ஆளில்லாமல் கிடக்கிறவர்களைப் பற்றிச் சொன்னார்.

சலோமி சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தாள். முதல் நாளே அழகம்மா என்ற தோட்டத்துக் கிழவி, அவள் கையிலிருந்த வேதப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "வேதக்காரியா? பாட்டுப் படிக்க வந்தியா?" என்று கேட்டாள்.

"சத்தம் வராதும்மா," என்றாள் சலோமி.

"அப்ப கிட்ட வந்து ஒக்காரு. நான் பேசுறேன்."

அவள் பேசினாள். மருமகளைத் திட்டினாள், கங்காணியைத் திட்டினாள், கால் வலியைச் சொன்னாள், நடுவில் தூங்கிப்போனாள். சலோமி பார்வையாளர் நேரம் முடியும் வரை உட்கார்ந்திருந்தாள். எல்லாக் கட்டிலும் அப்படி அமையவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மதம் மாற்ற வந்திருக்கிறாய் என்று சத்தம் போட்டாள். சலோமி எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சில நாட்களில் தினேஸ் புது மைக் ஒன்றைக் கொண்டுவந்து, இதில் கிசுகிசுத்தாலும் கேட்கும், ஒரு பாட்டுக்கு மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள் அக்கா என்று கேட்டான். சலோமி ஒருமுறை பாடிப் பார்த்தாள். அவளுக்கே பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். சாவு வீடுகளுக்கு இப்போதும் அவளைக் கூப்பிடுகிறார்கள். போய்ச் செத்தவரின் மனைவி பக்கத்திலோ தாய் பக்கத்திலோ உட்கார்ந்துகொள்கிறாள்.

போன வருஷம் ஒரு ஞாயிறு, சபையிலிருந்து வந்தவள் லெட்சுமணன் முன்னறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மெஷினைத் துடைத்து வைத்திருந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள். துடைத்த துணியை மடித்துக்கொண்டே, "எனக்கு ஒரு கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது சலோமி. ஒரு வருஷமா யாருகிட்டயும் சொல்லல. றம்பொடை மலை வளைவுல பயந்துகிட்டேதான் ஓட்டுறேன்," என்றான். வேலை போய்விடும் என்ற பயம், ஒரு தடவை பள்ளத்து ஓரத்தில் சக்கரம் இறங்கியது, எல்லாவற்றையும் சொன்னான். இருபது வருஷத்தில் அவன் அவ்வளவு பேசியதில்லை. அவன் முடித்த பிறகு சலோமி, நாளைக்கே கண் டொக்டரிடம் போவோம் என்று கிசுகிசுத்தாள்.

போனார்கள். கண்ணை முழுதாகச் சரியாக்க முடியாது என்று தெரிந்தது. லெட்சுமணன் லொறியை விட்டுவிட்டுக் கம்பளைச் சந்தையில் ஒரு தட்டுப் போட்டு மரக்கறி விற்கிறான். சபைக்கு அவன் இன்னும் போவதில்லை. சனிக்கிழமை காலையில், சந்தைக்குப் போகிற வழியில், சலோமியை ஆஸ்பத்திரி வாசல் வரை கூட்டிப்போய் விடுகிறான்.