ஒரு சேலைக்கு முப்பத்தைந்து வெள்ளி

பட்டுச் சேலைக்கு நீராவி காட்டும்போது ஒரு வாசனை வரும். புது நூலும் பழைய அலமாரியும் கலந்த வாசனை. அதில் எனக்குக் கொஞ்சம் மயக்கம் உண்டு. மலேசியாவின் கிள்ளானில், மேரு பக்கம், என் அண்ணன் வீட்டுப் பின்னறையில் மழை பிடித்த பிற்பகல்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நான் வேலை செய்வேன். அறை முழுக்க வெண்புகை மிதக்கும். கதவில் ஒரு சேலை தொங்கும், அலமாரியில் ஒன்று, கொடியில் இரண்டு. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே சில நேரம் மறந்துபோகும். கூடத்தில் அண்ணன் பிள்ளைகள் டிவியை அலறவிடுவதுகூட வேறு யார் வீட்டிலோ நடப்பதாகத் தோன்றும்.

கல்யாணத்துக்குப் போகிறவர்களின் சேலையை முதல் நாளே மடித்துத் தருவதுதான் என் வேலை. கொசுவத்தை இடுப்பளவுக்கு அடுக்கி, முந்தானையை விரல் அகலத்துக்கு மடித்து, தேய்த்து, கிளிப் போட்டு, ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிடுவேன். மறுநாள் காலையில் எடுத்துச் செருகித் தோளில் போட்டால் முடிந்தது. இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சேலை கட்ட ஆசை இருக்கிறது, பொறுமை இல்லை. அவர்களுடைய பொறுமையின்மை நீடூழி வாழ்க, அதுதான் என் பிழைப்பு.

பிழைப்பு என்று இப்போது வாய்கூசாமல் சொல்கிறேன். அப்போது அது பிழைப்பாக இல்லை. "எவ்வளவுக்கா?" என்று யார் கேட்டாலும் என் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும்.

"பார்த்துக் குடுங்க லா."

அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். சிலர் ஐந்து வெள்ளி, அதாவது ரிங்கிட், சிலர் பத்து. பெரும்பாலோர் தாம்பூலப் பை. அதற்குள் வெற்றிலை, ஒரு வாழைப்பழம், கூடவே ஒரு ரவிக்கைத் துணி. அந்த ரவிக்கைத் துணியை யாரும் தைத்துப் போட மாட்டார்கள். ஒரு விசேஷத்தில் வாங்கி அடுத்த விசேஷத்தில் தள்ளிவிடுவதற்கென்றே பிறந்த துணி அது. ஒரு முறை மாம்பழ நிறத் துணியொன்றை நானே கோயிலில் ஒருவருக்கு வைத்துக் கொடுத்தேன். கிள்ளானையும் பந்திங்கையும் சுற்றிப் பார்த்துவிட்டு அது என்னிடமே திரும்பி வந்தது. மூலையில் என் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருந்ததால் அடையாளம் தெரிந்தது. அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க இப்படித்தான் என் சம்பளம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

பாசாரில் நான் மீன்காரரோடு மல்லுக்கு நிற்பேன். விலை பேசத் தெரியாத ஆள் இல்லை. ஆனால் என் கை செய்த வேலைக்கு விலை சொல்வது என்னையே விலை சொல்வதைப் போலக் கூச்சமாக இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அண்ணன் வீட்டில் இருப்பவள், அதிலும் காசு காசென்று அலைகிறாள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

சேலைக்கு ஃபால்ஸ் துணி வாங்க மாதம் ஒரு தடவை ரயிலேறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போவேன். அங்கே ஒரு துணிக்கடையில் கல்லாவில் உட்காரும் அக்கா எனக்குப் பழக்கம். அக்கா என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். தமிழ்நாட்டில் கடலோரத்து ஊரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். தலையில் முக்காடு நழுவாமல், கை நூறு நோட்டை எண்ணிக்கொண்டிருக்க, வாய் நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அவர், "மேல ரூம் சும்மா கெடக்கு. சேலை வாங்குறவங்க எல்லாம் மடிக்க ஆள் கேக்குறாங்க. நீங்க வந்து உக்காருங்களேன். மாசம் நானூறு வெள்ளி. ரெண்டு மாச டெபோசிட்" என்றார்.

கண்ணிமைக்காமல் சொன்னார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கக்கா" என்றேன்.

"பார்த்துத்தானே சொன்னேன்" என்று சிரித்துவிட்டு, "மாசம் நீங்க எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அதுவரை என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. வாழைப்பழத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர் என்னை விடவில்லை. தன் கணக்கை முதலில் சொன்னார். கல்லாவில் உட்கார்வதற்குத் தன் கணவரிடம் சம்பளம் வாங்குகிறாராம். "வீடு வேற, வேலை வேற. மாசம் பொறந்தா என் காசு என் கைக்கு வந்துடணும்" என்று சொல்லி, தொகையையும் சொல்லிவிட்டார். யாராவது காதில் வாங்கிவிடப் போகிறார்களோ என்று நான்தான் திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண் தன் சம்பளத்தை இன்னொரு பெண்ணிடம் சாதாரணமாகச் சொல்வதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஏதோ அந்தரங்கத்தைக் கேட்டுவிட்டது போலக் காது சூடானது.

மாடியறையைப் பார்க்கப் போனேன். சின்ன அறை. ஒரே ஒரு ஜன்னல், திரையில்லாத ஜன்னல். அதில் எட்டிப் பார்த்தால் மோனோரயில் சத்தமே இல்லாமல் வளைந்து போகிறது. கீழே பூக்கடையின் மல்லிகை வாசனை ஏறி வருகிறது. நடைபாதையில் யாரோ ஒருவரின் வெள்ளைப் பிரம்பு டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போய்த் தேய்ந்து மறைகிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். சுவரோரம் சேலைகள் தொங்குகின்றன, நீராவி ஜன்னல் வழியே வெளியேறுகிறது, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றையும் கண்ணுக்குள் பார்த்துவிட்டேன். என் அலமாரியில் கிடக்கும் ரவிக்கைத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தால் அந்த ஜன்னலுக்கு ஒரு திரையாகும் என்றுகூட யோசித்தாகிவிட்டது. அந்த அறை எனக்கு வேண்டும். வாழ்க்கையில் எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அடுத்த மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் அறை போய்விடும். புருவம் திருத்தும் பெண் ஒருத்தி அதற்குக் காத்திருந்தாள்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மின்சாரம், கிளிப், முதுகுவலி. முப்பத்தைந்து வந்தது. ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து, "முப்பத்தஞ்சு வெள்ளி" என்று முணுமுணுத்தேன். ஷா ஆலாம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்திலிருந்த மலாய்க்கார மக்சிக், ஒரு வயதான அம்மா, நான் ஏதோ ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து, மரியாதையாகத் தன் கைப்பேசியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

அந்த வாரம் தெரியாத பெண் ஒருத்தி வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "ஓகே அக்கா" என்றாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடமும் இந்த "ஓகே அக்கா" எங்கே போயிருந்தது?

அதற்குப் பிறகு வந்தவர்களும் கொடுத்தார்கள். பணம் சேர்ந்தது, ஆனால் போதவில்லை. அப்போதுதான் அண்ணியின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. தன் அம்மா, சித்திமார், அக்காமார் எல்லாருடைய சேலைகளையும் அண்ணி ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து என் கட்டிலில் பரப்பினார். பச்சை, அரக்கு, மயில்கழுத்து. கட்டிலே தெரியவில்லை. மனசுக்குள் கணக்கு ஓடியது. இதை மடித்தால் அறை எனக்கு.

"எல்லாம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்மா" என்றார் அண்ணி.

"முப்பத்தஞ்சு வெள்ளி, அண்ணி."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "எல்லாத்துக்கும் சேர்த்தா?"

"ஒரு சேலைக்கு."

இஸ்திரிப் பெட்டி மட்டும் உஸ்ஸென்றது. அண்ணி பரப்பிய சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் பேச்சு நின்றது. அண்ணி நல்ல சம்பளத்தில், மேருவில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவர். சொந்தக்காரியிடம் முப்பத்தைந்து வெள்ளிக்கு மூஞ்சியைத் தூக்குகிறாரே, என்ன கஞ்சத்தனம் என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். அண்ணன் லோரி ஓட்டுகிறவர். கேரித் தீவிலிருந்து பாமாயில் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றிவிட்டு வந்தவர், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வீட்டு ஆளுக்கிட்டயே காசாம்மா? உங்கிட்ட நாங்க ரூம் வாடகை கேட்டமா?" என்றார்.

சுருக்கென்றது. ஆனால் நியாயமான கேள்விதான். "கேளுங்கண்ணே, குடுக்குறேன். எவ்வளவு?" என்றேன்.

அண்ணன் சோற்றைப் பிசைந்தார், தண்ணீர் குடித்தார், விசிறியைப் பார்த்தார். கடைசியில், "என்னம்மா... பார்த்துக் குடு" என்றார்.

அடுப்படியில் அண்ணி சிரித்த சத்தம் கேட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டதும் கேட்டது.

சனிக்கிழமை பிற்பகல் நல்ல மழை. அறை புகைமூட்டமாக இருந்தது. அண்ணி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கொடியில் தொங்கிய நீலச் சேலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். முகம் தெரியவில்லை. பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா."

"என்கிட்ட காசு இல்லம்மா."

"நீங்க வேலைக்குத்தானே போறீங்க?"

"சம்பளம் பேங்க்ல விழுது. கார்டு உங்க அண்ணன்கிட்ட. கல்யாணமான மாசம், பத்திரமா இருக்கட்டும்னு வாங்கி வச்சாரு. வேணும்னா அவர்கிட்ட கேப்பேன். எவ்வளவுன்னு கேப்பாரு. பார்த்துக் குடுங்கன்னு சொல்லுவேன்."

ஒரே பானைச் சோறு தின்கிறோம். அவருக்கு எந்தப் பல் வலிக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். இது தெரியாது. அண்ணன் கெட்டவர் இல்லை. கேட்டதை வாங்கித் தருவார், கேட்காததையும் வாங்கித் தருவார். ஆனாலும் அந்த நிமிடம் அவர் மேல் எனக்குச் சரியான ஆத்திரம் வந்தது. கஞ்சத்தனம் என்று நினைத்ததற்காக என் மேலும் வந்தது.

"உனக்கு எப்படி வாய் வந்துச்சு?" என்று சேலைக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"ரயில்ல சொல்லிப் பார்த்தேன்."

அண்ணி மெதுவாக, சேலையிடம் சொல்வது போல, "என் கார்ட குடுங்க" என்றார்.

"கேக்கல, அண்ணி."

"என் கார்ட குடுங்க."

மறுநாள் காலையில் அண்ணி வாசலுக்கு வந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். உள்ளங்கையில் கார்டு இருந்தது. "கேட்டேன். பர்ஸ்ல இருந்து எடுத்துக் குடுத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல" என்றார். குரலில் என் பழைய கோபம் அப்படியே இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம்?

பெட்ரோல் நிலையத்துக்கு நடந்தோம். ஏடிஎம்மில் கார்டைச் செருகியதும் அண்ணி அப்படியே நின்றுவிட்டார். ரகசிய எண் அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. கார்டை வெளியே எடுத்துவிட்டு அண்ணனுக்குப் போன் அடித்தார்.

"வீட்டுக்கு வா, நானே எடுத்துத் தரேன்" என்று அண்ணன் சொன்னது எனக்கே கேட்டது.

"வேணாம். இப்ப சொல்லுங்க. பின்னாடி ஆள் நிக்கிறாங்க." பின்னால் யாரும் இல்லை.

அண்ணி கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. "உங்க அண்ணனோட லோரி நம்பர், பின்னாடி ரெண்டு சைபர்" என்றார். வீட்டு வாசலில் தினமும் நிற்கும் லோரி அது. ஞாயிறு தவறாமல் அந்த எண்பலகையை அண்ணிதான் துடைப்பார்.

திரையில் தொகை வந்தது. வீட்டுக்கடன், பள்ளி வேன் எல்லாம் போக மிஞ்சியது. பெரிய பணமில்லை, ஆனால் இருந்தது. அண்ணி அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை போல வாய்விட்டுப் படித்தார். வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். சாலையோரம் நடக்கும்போது அந்தத் தொகையை இன்னொரு தடவை என்னிடம் சொன்னார். நான் என்னுடையதைச் சொன்னேன். மேரு சாலையில் லோரிகள் உறுமிக்கொண்டு போயின. நாங்கள் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டோம்.

திடீரென்று அண்ணி நின்றார். "முப்பத்தஞ்சு கொஞ்சம் கூட லா. முப்பதுன்னு வை."

நான் அவரைப் பார்த்தேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மீன்காரரிடம் நிற்பது போல நின்றிருந்தார். கையில் சொந்தக் காசு இருப்பவள்தான் பேரம் பேசுவாள். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பார்த்துக் குடுங்க அண்ணி என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அந்தத் திரையில்லாத ஜன்னலை நினைத்துக்கொண்டேன்.

"முப்பத்தஞ்சு, அண்ணி."

"ஒரு வெள்ளிகூட கொறைக்க மாட்டியா?"

"மாட்டேன்."

அண்ணி முறைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே, சாலையோரத்தில், கைப்பையைத் திறந்து மொத்தச் சேலைகளுக்குமான நோட்டுகளை எடுத்து என் கையில் வைத்தார்.

"எண்ணிப் பாரு" என்றார்.

எண்ணினேன். சரியாக இருந்தது.

அன்று சாயங்காலமே அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ரவிக்கைத் துணிகளை வெளியே இழுத்துப் போட்டேன். மாம்பழ நிறத் துணியை நடுவில் வைத்துத் திரை தைக்க உட்கார்ந்தேன். அண்ணி எதிரில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.