பலகை முழுக்க சேன் தீவு

க்வெனோலா கெர்த்ரவோன் யாரையும் கைவிடமாட்டாள். ரென் நகரத்து அலுவலகத்தில் எட்டு வருடமாக எதிர் மேசையில் உட்கார்ந்து இதைப் பார்த்து எரிச்சல்படுகிறவன் நான்.

நாங்கள் நிரல் எழுதும் ஓகாமல் என்ற கணினி மொழியில் முன்பெல்லாம் ஒரு எழுத்துச் சரத்தை நினைத்தபோது திருத்தலாம். பிறகு, சரம் மாறாது, திருத்த வேண்டியதை பைட்ஸ் என்ற தனி வகையில் வை என்று மொழியை உருவாக்கியவர்கள் பிரித்துவிட்டார்கள். எல்லோரும் மாறினோம், எங்கள் நிரலில் படகு நேரப் பலகை ஓட்டும் பிரெஸ்ட் பக்கத்துப் படகுத்துறை எர்வேயைத் தவிர. அவருடைய பழைய கணினியில், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரும் பழையதுதான் ஓடும். ஒரு நாள்கூட நின்றதில்லை என்று அந்தக் கணினிமேல் அவருக்கு அத்தனை பெருமை. அவருக்காகவே க்வெனோலா ஒரு சின்னக் கோப்பு எழுதினாள். அது இருந்தால், பைட்ஸ் தெரியாத பழைய கம்பைலரில் அந்தப் பெயரில் சரமே போய் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை எர்வே போன் செய்தார். "மேடம், பலகையில எல்லாப் படகும் சேன் தீவுக்கே போகுது. மொலேன் தீவுக்குப் போறவங்க என்னைப் பிடிச்சுத் திட்டுறாங்க."

"இங்க சரியாத்தானே வருது? உங்க மிஷின் பழசாச்சே, அதான்," என்றாள் க்வெனோலா.

"பழையதுக்கு ஒரு கும்பிடு போட்டுடு. அந்தக் கோப்பே வேண்டாம்," என்றேன் நான். அவள் கேட்கவில்லை. ஏன் பட்டியலில் கடைசியாக வரும் தீவின் பெயர் மட்டும் எல்லா வரியிலும் வருகிறது என்பது அவளைக் குடைந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை சாப்பாட்டுக்கும் வராமல் பழைய கம்பைலரைத் தன் கணினியில் ஏற்றினாள்.

நிரல் ஒரே பைட்ஸில் ஒவ்வொரு பெயராக எழுதி, சரமாக்கி, பட்டியலில் சேர்க்கிறது. சரமாக்கும்போது புதிய கம்பைலர் நகல் எடுக்கும். இவள் கோப்போ, இரண்டும் ஒன்றுதானே என்று அதையே திருப்பிக் கொடுத்தது. அடுத்த பெயரை எழுதியதும் முந்தைய வரிகளும் சேர்ந்தே மாறின.

"அட, எவ்வளவு அழகான தப்பு," என்று சிரித்தாள். சட்டென்று முகம் வாடியது. "பாவம், அந்த மனுஷனோட மிஷின் மேல பழி போட்டேனே."

"சத்தமில்லாம திருத்தி அனுப்பு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் போனை எடுத்தாள். "எர்வே, உங்க மிஷின் ஒழுங்காத்தான் இருக்கு. தப்பு நான் எழுதின ஒரு வரியில."



"அப்படியா மேடம்? நேத்துதான் அதைக் கழட்டிக் குப்பைக்குக் கொடுத்தேன். நீங்களே சொல்லிட்டீங்களேன்னு."

அந்தக் கோப்பு இனி யாருக்கும் தேவையில்லை. அதை நீக்கு என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.