நாலு கட்டத்துக்கு ஒரு படி

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என் தம்பி என்னை ஏழு தடவை கொன்றான். முதல் தடவை கழுத்தில் வெட்டினான். இரண்டாம் தடவை கட்டிலிலிருந்து இறங்கக்கூட விடவில்லை. அவன் கட்டாரில் தன் அறையில் இருந்தான். நான் கொட்டாஞ்சேனையில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மகளின் லெப்டொப்புக்கு முன்னால் இருந்தேன். விளையாட்டுத்தான். ஆனாலும் ஒவ்வொரு வெட்டுக்கும் என் தோள் தானாக ஒதுங்கியது.

நான் டைல்ஸ் பதிக்கும் மேசன். தம்பியும் என்னோடுதான் வேலை செய்தான். சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுக் குளியலறை எங்களுக்குக் கிடைத்தது. குளியலறைத் தரையில் தண்ணீர் ஓடிப் போவதற்கு லேசான சரிவு விடவேண்டும். வாட்டம் என்போம். அன்று தம்பி பதித்தான். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கதவு மூலையில் தேங்கியது. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "என்ன பாஸ், மீன் வளக்கிற யோசனையா?" என்றார்.

பிறத்தியாருக்கு மறுமொழி சொல்ல எனக்கு வராது. முகம் சூடாகும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூடு பிறகு வீட்டு ஆட்கள் மேல்தான் இறங்கும். அந்த மூலையை உடைத்தெடுக்க இரும்புச் சுத்தியலை எடுத்தேன். தம்பி வலது கையை அந்த டைல்ஸில் வைத்து மறித்தான்.

"தண்ணி நிக்காதண்ணா. கொஞ்சம் பொறுங்க, ஓடிரும்."

கை இருப்பது தெரிந்துதான் அடித்தேன்.

டைல்ஸும் உடைந்தது. தண்ணீர் சிவந்தது. சிவந்த பிறகும் அது ஓடாமல் அங்கேயே நின்றது.

களுபோவில ஆஸ்பத்திரியில், கை தவறிப் பட்டது என்று நான்தான் சொன்னேன். இரண்டு விரல்கள் அதன் பிறகு மடங்கவில்லை. மேசன் கரண்டி பிடிக்க முடியாமல் கட்டாருக்குக் காவல் வேலைக்குப் போனான். என் அழைப்பை ஒருநாளும் எடுத்ததில்லை.

ஜிந்துப்பிட்டியில் இருக்கும் அவன் மனைவி மட்டும் எங்களோடு கதைப்பாள். ஒருநாள் சொன்னாள், "உங்கட தம்பி வெள்ளிக்கிழமையிலயும் மண்தான் வெட்டுறார், அத்தான்."

"லீவு நாளிலயுமா வேலை?"

"ஐயோ, கேமில! ரூம்காரரோட சேந்து கோட்டை கட்டுறாங்களாம். நீங்களும் போங்களன். நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க, என்னைக் கொன்றுபோடுவார்."

வெள்ளிக்கிழமைகளில் அரைநாளோடு வேலையை நிறுத்தினேன். அவள் அனுப்பிய லிங்கால் உள்ளே போனேன். விளையாட்டு ஒரு பெயர் கேட்டது, கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டினேன். அந்த உலகம் முழுக்கப் பெட்டி பெட்டியான மண். வெட்டினால் ஒரு பெட்டி போகும், வைத்தால் ஒரு பெட்டி வரும். செத்தால் கையிலிருப்பதெல்லாம் நிலத்தில் கொட்டும், நாம் நமக்கென்று போட்ட கட்டிலில் மறுபடி எழும்பலாம். கோட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கதைப்பது என் காதில் விழுந்தது. நான் மைக்கைத் திறக்கவில்லை.

"மரமுத அய்யே?" என்று ஒரு சிங்களப் பெடியன் கேட்டான். கொல்லுவோமா என்று.

"எபா மல்லி," என்று தடுத்தது தம்பியின் குரல். "சவளோட நிக்கிறான். வெட்டட்டும்."

அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ காலம். நான் மண் வெட்டும் சவளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"டேய் ஊமை, வந்தா வேலை செய்! இந்த மலை முழுக்க மட்டமாகணும். விளங்குதா?"

அன்றிலிருந்து நான் ஊமை. மூன்று வெள்ளிக்கிழமைகள் அந்த மலையை வெட்டினேன். ஒரு பெட்டியை ஒரு கட்டமென்று எண்ணி, பத்துக் கட்டத்துக்கு ஒரு பந்தம் நட்டு, அதை அளவுமுளையாக வைத்து வரிசை பிடித்தேன். "ஊமை வெட்டுற வடிவைப் பாருங்கடா," என்று தம்பி ஒருதரம் சொன்னான். அன்று இரவுச் சாப்பாடு எனக்கு ருசித்தது.

இரண்டாம் வெள்ளி அங்கே மழை பெய்தது. மேட்டுத் தண்ணீர் இறங்கிக் கோட்டைச் சுவரில் நிற்குமே என்று பயந்தேன். நாலு கட்டத்துக்கு ஒரு படி இறக்கி வாட்டம் விட்டேன். சுவரோரம் தண்ணீர் ஓடக் கான் வெட்டி, கோட்டைக்கு அப்பால் ஆற்றுக்குப் போகச் சுவருக்கு அடியால் ஓட்டையும் விட்டேன். அந்த விளையாட்டில் மழை எங்கேயும் தேங்காது என்பது எனக்குத் தெரியாது. முப்பது வருடமாக வாட்டம் விட்ட கை, விட்டுவிட்டது.

நாலாம் வெள்ளி, யாரோ வெளியாட்கள் மேட்டில் ஏறி நெருப்புக் குழம்பை வாளி வாளியாகக் கவிழ்த்தார்கள். சமதரையில் அது நாலு கட்டம் ஓடி நின்றுவிடும். ஒரு படி இறங்கினால் மறுபடி நாலு கட்டம் ஓடும். என் தரையில் அது நிற்கவேயில்லை. படி படியாக இறங்கிக் கானில் விழுந்து, ஓட்டையால் உள்ளே போனது. கோட்டை முழுக்கப் பலகை. காதுக்குள் எல்லோரும் கத்தினார்கள். "அம்மே, பத்துது!" என்று அந்தச் சிங்களப் பெடியன் அலறியபடி எரிந்தான். புகைக்குள்ளால் அந்த வெளியாட்கள் கோடாலிகளோடு வந்தார்கள். ஒருவனைச் சவளால் அடித்தேன். விழுந்தான். விழுந்து அவன் சாமான்கள் கொட்டிய பிறகும் அந்த இடத்தை அடித்துக்கொண்டிருந்தேன். மேசை ஆடியது. பின்னாலிருந்து யாரோ ஒருவன் என்னைப் பிளந்தான்.

கட்டிலில் எழும்பியபோது வந்தவர்கள் போய்விட்டார்கள். தம்பி வாளோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாலுக்கு ஒண்டு," என்று எண்ணினான். "நாலுக்கு ஒண்டு. நாலுக்கு ஒண்டு. கான் வேற." கானின் ஓரம் வரை நடந்தான். "கேமுக்குள்ளயும் தண்ணி நிக்குமெண்டு பயந்து வாட்டம் விடுற விசரன் உலகத்தில ஒருத்தன்தான்."

திரும்பி வெட்டினான்.

எழும்பினேன். வெட்டினான். எழும்பினேன். "இது விரலுக்கு," என்றான். "இது மற்ற விரலுக்கு." லெப்டொப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. ஐந்தாம் தடவை மைக்கைத் திறந்தேன்.

"தம்பி."

"கதைக்காத!" வெட்டினான்.

குசினியிலிருந்து மனைவி, "ஆரோட சண்டை?" என்று கேட்டாள். நான் எழும்பித் தம்பியிடம் சொன்னேன், "உன்ட கை அதில இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சனான்."

வெட்டினான். அடுத்த தடவை வாளை ஓங்கியபடி நின்றான்.

"கை தவறினதெண்டு ஆஸ்பத்திரியில சொன்னாய்."

"பொய்."

வெட்டினான். அதுதான் ஏழாவது. அதற்குப் பிறகு எழும்பியபோது வாள் கீழே இருந்தது. "கவுத மே, அய்யே?" என்று யார் இது எனக் கேட்டான் சிங்களப் பெடியன். அண்ணன் என்று தம்பி சொல்லவில்லை.

"ஒரு மேசன் பாஸ்," என்றான். பிறகு என்னிடம், "அடுத்த வெள்ளி வா. நீ விட்ட வாட்டத்தை நீயே எடு."

போனேன். நெருப்பு உறைந்து கருங்கல்லாகக் கிடந்தது. உடைத்து, மண் நிரப்பி, மட்டமாக்கினேன். தம்பி என் முதுகுக்குப் பின்னால் வாளோடு நின்றான். நாலாம் கட்டம் வரும்போதெல்லாம் கை இறங்கப் பார்த்தது. "மட்டமா," என்றான். "மட்டமா வெட்டு." கானை மூடும்போது மழை பிடித்தது. நான் சவளை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தேன். எத்தனையோ நேரம் பெய்தது. ஒரு துளியும் தேங்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றான். "நிக்கேல்ல."

"ஓம். நிக்கேல்ல."

அவன் என் முதுகில் ஒரு வெட்டு வெட்டினான். பாதி உயிர்தான் போனது. நான் மிச்சக் கானை மூடினேன்.