எட்டு வேணாம், ஒன்பதுதான் வேணும்

திங்கக்கிழமை பெங்களூர்ல வேலைக்குச் சேரணும். ரயில் வர்ற நேரம். நைனா என்னடான்னா பாகாலா ஸ்டேஷன் எதிர்ல செல்போன் கடையில உக்காந்துகினு, எனக்குப் புது நம்பர் வாங்க விரல் விட்டுக் கூட்டிக்கினு இருந்தார்.

எங்க வீட்டுல பைக், ஆட்டோ, போன், எந்த நம்பரைக் கூட்டினாலும் ஒன்பது வரணும்.

கடைக்காரர் காட்டினதுல ஒன்னு எனக்குப் புடிச்சிருந்தது. போன்ல தட்டிப் பார்த்தேன். பகா எண்! தொள்ளாயிரம் கோடிக்கு மேல இருக்குற எண்ணு, ஒன்னையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது.

நைனா கூட்டினார். "எட்டு வருது. வேணாம்."

"ஒன்பது வந்தா அது ஒன்பதால வகுபடும், மூணாலயும் வகுபடும் நைனா. இதை யாராலயும் உடைக்க முடியாது."

"டைம் அவுத்துந்தி அம்மா, ஏதோ ஒகட்டி தீஸ்கோ"ன்னு, நேரமாகுது, ஏதோ ஒன்னை எடுத்துக்கோன்னு கடைக்காரர் தெலுங்குல அவசரப்படுத்தினார்.

நைனா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "போற ஊர்ல நீ ஒண்டியா இருக்கப்போற. நம்பராவது நாலு பேரோட சேர்ந்து இருக்கட்டும்."

ஒன்பது வர்றதையே வாங்கிக்கினு ஓடிப்போய் ரயில் ஏறினேன். உக்காந்ததுல இருந்து அதை வகுத்துக்கினே இருக்கேன், மனசு ஒரு எடத்துல நிக்கல.

சித்தூர் தாண்டினதும் புது நம்பருக்கு முதல் கால். நைனாதான். "ஏறிட்டியாம்மா?"

பொட்டியோட என்னை ஏத்திவிட்டதே அவர்தான்.

உங்க நம்பரைக் கூட்டிச் சொல்லுங்க. எட்டு வர்றவங்க நல்லா இருக்கீங்களான்னு மட்டும் சொன்னா போதும், நைனாவுக்குக் காட்டணும்.