லட்சுமி எழுதிய ஒரு வரி

இன்று கம்போங் ராஜா ஊரில், பாயின் தேநீர்க் கடை. எண்பதுகளில் எங்கள் எஸ்டேட்டில் பக்கத்து வீட்டில் வளர்ந்த லட்சுமியும் வந்திருந்தாள். இருவருக்கும் புரோகிராம் எழுதுவதுதான் பிழைப்பு.

காய்கறி லோரிகளை நேரப்படி வரிசைப்படுத்த நான் பெயர் வைத்த தனி நிரல் பகுதியாக ஒரு கிளாஸே எழுதியிருந்தேன். லட்சுமி அதை அழித்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் பெயரே இல்லாத குட்டி நிரல், லாம்டா ஒன்றை ஒரே வரியில் எழுதினாள். ஓடியது.

"ஒரு நாள் புல்லு வெட்ட வந்த ஆளு பேரையெல்லாம் நம்ம எஸ்டேட்டுல கணக்கெழுதுற கிராணி பதிஞ்சாரா? ஒரே எடத்துல செய்யுற வேலைக்குத் தனி கிளாஸு, அதுக்கொரு பேரு எதுக்குலா?" என்றாள்.

பாய் வேறு, "தங்கச்சி கெட்டிக்காரி லா!" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. தப்பு வராதா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வரவில்லை.

அவள் கிளம்பியதும் அந்த வரிக்கு ஒரு பெயர் வைத்தேன். என் பெயர்.

பெயரில்லாமல் விட்டது அவள்தானே, என்ன சொல்கிறீர்கள்?